உறுதிமொழியும் கணக்கும்: வணிக உத்தி மாநாடுகளில் உலகப் பிரச்சினைகள்

வணிக உத்தி ஆய்வாளர்கள் கூடும் மாநாட்டில் சுற்றுச்சூழல் பற்றிய ஓர் அமர்வு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். மூன்று அல்லது நான்கு கட்டுரைகள். ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 15 நிமிடம். ஒருவர் எழுந்து, பசுமைத் திட்டம் ஒன்றில் சேர்ந்த நிறுவனங்களின் கழிவு குறைந்திருக்கிறது, லாபமும் கூடியிருக்கிறது என்று வரைபடங்களோடு காட்டுகிறார். கேட்பதற்கு நிறைவாக இருக்கிறது. அவர் முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு கை உயர்கிறது. "திட்டத்தில் சேருவதற்கு முன்பே அவை ஒழுங்காக நடந்துகொண்ட நிறுவனங்களாக இருந்தால்? அப்போது திட்டம் செய்தது என்ன?"

இந்தத் துறையில் இதைவிடப் பழகிய கேள்வி வேறில்லை. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை மட்டும் பொறுக்கிச் சேர்த்துக்கொள்ளும் பள்ளி நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டினால் அந்தப் பெருமை யாருக்குச் சேரும்? அதே கணக்குதான் இங்கும். முனைவர் பட்ட மாணவர்கள் தங்கள் முதல் மாநாட்டுக்கு வரும்போதே இதற்கொரு பதிலைத் தயாரித்துக்கொண்டு வருகிறார்கள். கேட்பவர் வேண்டுமென்றே குறை காண்பதுபோல் வெளியாளுக்குத் தோன்றும். ஆனால், காலநிலை மாற்றம், வறுமை, தொழிலாளர் பாதுகாப்பு போன்ற பெரும் பிரச்சினைகளைப் பற்றி வணிகப் பேராசிரியர்கள் கூடிப் பேசுவதால் என்ன பயன் என்று யாராவது கேட்டால், அந்தப் பின்வரிசைக் கேள்வியைத்தான் நான் சுட்டிக்காட்டுவேன். நிறுவனம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதற்கும் அது உண்மையில் செய்ததற்கும் நடுவே உள்ள இடைவெளியை அளக்கும் பயிற்சி இவர்களிடம் இருக்கிறது. மாநாடு அந்தப் பயிற்சிக்களம்.

துறையின் பெயரையே ஒரு மாநாடுதான் நிலைநிறுத்தியது. 1970கள் வரை அமெரிக்க வணிகப் பள்ளிகளில் 'வணிகக் கொள்கை' என்றொரு பாடம் இருந்தது. கணக்கு, நிதி, சந்தைப்படுத்தல் எல்லாம் படித்து முடித்த பிறகு கடைசியில் வரும் தொகுப்புப் பாடம். 1977இல் டான் ஷெண்டலும் சார்லஸ் ஹோஃபரும் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஒரு கூட்டத்தைக் கூட்டினார்கள். 'உத்தி மேலாண்மை' என்ற பெயரும் தனித்துறை என்ற தகுதியும் அங்கிருந்து வலுப்பெற்றன. 1980இல் அதற்கென ஓர் ஆய்விதழ் வந்தது. 1981இல் லண்டனில் சர்வதேசக் கூட்டம் நடந்தது. அதன் வழியே உத்தி மேலாண்மைக் கழகம் உருவானது. மைக்கேல் போர்ட்டரின் போட்டி உத்தி பற்றிய நூல் வெளிவந்ததும் 1980இல்தான்.

அந்தத் தலைமுறை கேட்ட மையக் கேள்வி எளிமையானது. ஒரே தொழில், ஒரே சந்தை. ஒரு நிறுவனம் செழிக்கிறது, பக்கத்து நிறுவனம் நொடிந்துபோகிறது. ஏன்? சமன்பாட்டின் ஒரு பக்கத்தில் லாபம், மறுபக்கத்தில் அதற்கான காரணங்கள். காற்று மாசு, குழந்தைத் தொழிலாளர், வற்றிப்போன ஆறு ஆகியவற்றை விளக்கவேண்டிய பொருளாக யாரும் அந்தச் சமன்பாட்டில் வைக்கவில்லை. 1970 செப்டம்பர் 13 அன்று நியூயார்க் டைம்ஸ் இதழில் பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் எழுதிய கட்டுரை அதற்கு ஒரு கொள்கை நியாயத்தையும் கொடுத்திருந்தது. சட்டத்துக்குள் நின்று லாபத்தைப் பெருக்குவதே நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு என்பது அவர் வாதம். 1984இல் எட்வர்ட் ஃப்ரீமன் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தார். நிறுவனத்தால் பாதிக்கப்படுபவர், நிறுவனத்தைப் பாதிக்கக்கூடியவர் அனைவரையும் கணக்கில் எடுத்துத்தான் உத்தி வகுக்கவேண்டும் என்றார். இரு தரப்புக்கும் இன்றுவரை ஆள் இருக்கிறது.

'பெருஞ்சவால்கள்' என்ற சொல் இந்தத் துறைக்கு வந்து சேர்ந்தது சுற்றுவழியில். 1900இல் பாரிஸில் நடந்த உலகக் கணித மாநாட்டில் டேவிட் ஹில்பர்ட் தீர்க்கப்படாத கணக்குகளை முன்வைத்துப் பேசினார். அச்சில் வந்தபோது பட்டியலில் 23 இருந்தன. ஒரு துறை தன் ஆற்றலை எங்கே செலவிடவேண்டும் என்று பகிரங்கமாக அறிவிக்கும் வழக்கத்துக்கு அது முன்மாதிரி. 2003இல் கேட்ஸ் அறக்கட்டளை உலகச் சுகாதாரத்துக்கு அதே முறையைக் கையாண்டது. 2015இல் ஐ.நா. 17 வளங்குன்றா வளர்ச்சி இலக்குகளையும் அவற்றின் கீழ் 169 உட்குறிக்கோள்களையும் ஏற்றது. அடுத்த ஆண்டே அகாடமி ஆஃப் மேனேஜ்மென்ட் ஜர்னல் என்ற முன்னணி இதழில் ஜெரார்ட் ஜார்ஜ், ஜெனிஃபர் ஹோவர்ட்-கிரென்வில், அபர்ணா ஜோஷி, லாஸ்லோ டிஹான்யி ஆகிய ஆசிரியர்கள், மேலாண்மை ஆய்வு சமூகத்தின் பெருஞ்சவால்களைக் கையிலெடுக்கவேண்டும் என்று தலையங்கம் எழுதினார்கள். அதற்குப் பிறகு மாநாட்டு அழைப்புகளில் அந்தச் சொல் சாதாரணமாகிவிட்டது.

அந்தச் சொல்லின் மீது எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஹில்பர்ட்டின் கணக்குக்கு நிரூபணம் கிடைத்தால் வேலை முடிந்தது. வறுமைக்கு அப்படி ஒரு முடிவுப்புள்ளி கிடையாது. எது தீர்வு என்பதிலேயே ஆளுக்கொரு கருத்து. ஒரு தரப்புக்குத் தீர்வாகத் தெரிவது இன்னொரு தரப்புக்குப் புதிய சுமை. ஃபெராரோ, எட்சியன், கெமன் மூவரும் 2015இல் எழுதிய கட்டுரை இதைத் தெளிவாகச் சொன்னது: இவை சிக்கலானவை, எதிர்காலம் கணிக்க முடியாதவை, எந்த அளவுகோலால் மதிப்பிடுவது என்பதே சர்ச்சைக்குரியவை. இந்த மூன்றாவது குணத்தை மறந்துவிட்டு 'சவால்' என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டால், நிறுவனம் ஒரு வீரனைப்போல் வந்து அதை வென்றுவிடும் என்ற எண்ணம் தானாக ஒட்டிக்கொள்கிறது. பல சமயங்களில் அந்தப் பிரச்சினையை உண்டாக்கியதில் நிறுவனத்துக்கே பங்கு இருக்கிறது. ரிச்சர்ட் ஹீடி 2014இல் வெளியிட்ட கணக்கின்படி, 1751 முதல் 2010 வரை தொழில்துறை வெளியிட்ட கரியமில வாயு, மீத்தேன் ஆகியவற்றின் மொத்தத்தில் ஏறக்குறைய 63 சதவீதத்தின் மூலத்தை 90 உற்பத்தியாளர்களிடம் கொண்டுபோய் நிறுத்த முடிகிறது.

சரி, நிறுவனத்தின் நலனும் ஊரின் நலனும் எங்கே கைகோக்கின்றன, எங்கே பிரிகின்றன? போர்ட்டரும் மார்க் கிரேமரும் 2011இல் 'பகிர்ந்த மதிப்பு' என்ற கருத்தை முன்வைத்தபோது, கைகோக்கும் இடங்கள் நிறைய இருக்கின்றன, நிறுவனங்கள்தான் கவனிக்கவில்லை என்றார்கள். 2014இல் கிரேன், பலாட்ஸோ, ஸ்பென்ஸ், மட்டன் ஆகியோர் அதற்கு மறுப்பு எழுதினார்கள்: பிரியும் இடங்களைப் பற்றி அந்தக் கருத்து ஒன்றும் சொல்லவில்லை. மறுப்பின் பக்கம்தான் நான் சாய்கிறேன். இருவருக்கும் லாபம் என்னும் இடத்தில் யாரும் யாரையும் வற்புறுத்த வேண்டியதில்லை. காசு கண்ணுக்குத் தெரிந்தால் நிறுவனம் தானே குனிந்து எடுத்துக்கொள்ளும். ஆய்வு தேவைப்படுவது மற்ற இடத்தில்.

அந்த மற்ற இடத்தைப் புரிந்துகொள்ள, இந்தத் துறை செய்த வேலைகளிலேயே சிறந்ததாக நான் கருதும் ஒன்றைச் சற்று நின்று பார்க்கவேண்டும். அதன் தொடக்கம் போபால்.

1984 டிசம்பர் 2 நள்ளிரவை ஒட்டி, யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மீத்தைல் ஐசோசயனேட் வாயு கசிந்தது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். உலகெங்கும் வேதித்தொழில் மீதிருந்த நம்பிக்கை சரிந்தது. அந்தச் சரிவிலிருந்து இரண்டு பாதைகள் கிளம்பின. முதலாவது, தொழில்துறை தானாக முன்வந்து எடுத்த உறுதிமொழி. 'ரெஸ்பான்சிபிள் கேர்' என்ற பெயரில் 1985இல் கனடாவில் தொடங்கி, 1980களின் இறுதியில் அமெரிக்க வேதி உற்பத்தியாளர் சங்கமும் ஏற்றது. பாதுகாப்பு, மாசுக் கட்டுப்பாடு, சுற்றுவட்டார மக்களோடு பேச்சு என்று நல்ல விதிகள். அப்போது மீறுபவரைத் தண்டிக்கும் ஏற்பாடோ வெளியாள் வந்து சரிபார்க்கும் ஏற்பாடோ இல்லை.

இரண்டாவது பாதை சட்டம். 1985 ஆகஸ்டில் மேற்கு வர்ஜீனியாவின் இன்ஸ்டிட்யூட் என்ற ஊரிலிருந்த அதே நிறுவனத்தின் ஆலையிலும் ஒரு வாயுக் கசிவு நேர்ந்தது. 1986இல் அமெரிக்க நாடாளுமன்றம், தம்மைச் சுற்றி என்ன நஞ்சு இருக்கிறது என்று அறியும் உரிமையை மக்களுக்குக் கொடுத்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் நச்சுப்பொருள்களைக் கையாளும் ஆலைகள் ஆண்டுதோறும் எதை எவ்வளவு வெளியே விட்டன என்று அரசிடம் கணக்குக் கொடுக்கவேண்டும். அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நச்சு வெளியீட்டுப் பதிவேடு என்ற அந்தக் கணக்கு முதன்முறையாக 1989இல் பொதுவெளிக்கு வந்தது. பட்டியலில் இருந்த நிறுவனங்களின் பங்கு மதிப்பு அந்த ஒரு நாளில் சராசரியாக 41 லட்சம் டாலர் சரிந்தது என்று ஜேம்ஸ் ஹாமில்டன் பின்னர் 1995இல் கணக்கிட்டுக் காட்டினார். அதுவரை கழிவுநீரோடு கண்மறைவாகப் போய்க்கொண்டிருந்தது, முதலீட்டாளர் பார்க்கும் எண்ணாக மாறிவிட்டது.

இந்த இரண்டு பாதைகளும் ஓர் ஆய்வில் சந்தித்தன. ஆண்ட்ரூ கிங், மைக்கேல் லெனாக்ஸ் இருவரும் சட்டம் உண்டாக்கிய பதிவேட்டை வைத்து, உறுதிமொழியைச் சோதித்தார்கள். திட்டத்தில் சேர்ந்த நிறுவனங்களையும் சேராத வேதி நிறுவனங்களையும் ஆண்டுவாரியாக ஒப்பிட்டார்கள். 2000இல் வெளியான முடிவு பலரையும் திடுக்கிட வைத்தது: உறுப்பினர்கள் முன்னேறிய வேகம் உறுப்பினரல்லாதவர்களுடையதைவிடக் குறைவு. நல்ல பெயர் தேவைப்பட்டவர்கள் குடைக்குள் ஒதுங்கிக்கொண்டார்கள்; குடைக்குள் வந்தபிறகு நனையவில்லை என்பதால் மெத்தனம் வந்துவிட்டது. தண்டனை இல்லாத சுயகட்டுப்பாடு நிலைப்பது கடினம் என்பது அவர்கள் கண்ட முடிவு. பின்னாளில் அந்தச் சங்கம் வெளியாள் தணிக்கையும் சான்றிதழும் வேண்டும் என்று விதியை மாற்றியது.

இந்த ஆய்வில் என்னைக் கவர்வது அதன் அமைப்பு. திட்டம் தீயது என்று அது வாதாடவில்லை, முதலாளிகளைத் திட்டவில்லை. ஒவ்வோர் ஆலையும் ஒவ்வோர் ஆண்டும் எத்தனை பவுண்டு நஞ்சை வெளியே விட்டது என்று கூட்டியது, அந்த நஞ்சுகளின் கடுமைக்கு ஏற்ப எடைபோட்டது, அதே தொழிலில் அதே அளவுள்ள ஆலையோடு ஒப்பிட்டது. பின்வரிசைக் கேள்வியை முதலிலேயே தனக்குள் கேட்டுக்கொண்ட ஆய்வு அது. அறிக்கைகளைப் படித்து யாராலும் இந்த முடிவுக்கு வந்திருக்க முடியாது. அறிக்கைகள் அழகாகத்தான் இருந்தன.

தொழிலின் நலனும் பொதுநலனும் உண்மையாகவே சேர்ந்த கதையும் ஒன்று உண்டு. குளிர்சாதனப் பெட்டிகளில் இருந்த குளோரோஃபுளோரோகார்பன்கள் ஓசோனை அரிக்கும் என்று வேதியியலாளர்கள் மோலினாவும் ரோலண்டும் 1974இல் எழுதினார்கள். உலக உற்பத்தியில் ஏறத்தாழ கால்பங்கை வைத்திருந்த டூபாண்ட் நிறுவனம் பல ஆண்டுகள் எதிர்த்தது. 1985இல் அண்டார்க்டிகாவுக்கு மேலே ஓசோன் ஓட்டை பற்றிய செய்தி வந்தது. 1987இல் அந்தப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. 1988 மார்ச்சில் உற்பத்தியைப் படிப்படியாக நிறுத்துவதாக டூபாண்ட் அறிவித்தது. மாற்றுப்பொருள் செய்யும் திறன் அதனிடம் இருந்தது. பழைய பொருள் எல்லோருக்கும் தடைசெய்யப்பட்டால் புதிய பொருளுக்குச் சந்தை பிறக்கும். இதை வணிக உத்தியின் வெற்றியாகச் சொல்பவர்கள் ஆண்டுகளின் வரிசையைப் பார்க்கவேண்டும்: உடன்படிக்கைக்குப் பிறகுதான் அறிவிப்பு. எல்லாருக்கும் ஒரே விதி என்ற உறுதி கிடைத்தபின் உத்தி வேலைசெய்தது. அந்த மாற்றுப்பொருள்களில் சில புவியைச் சூடாக்கின என்பதால் 2016இல் ருவாண்டாவின் கிகாலியில் மீண்டும் உட்கார்ந்து உடன்படிக்கையைத் திருத்தவேண்டி வந்தது.

ஆடைத் தொழிலும் இதே பாடத்தைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். அங்கே இயங்கிய சில தொழிற்சாலைகள் அதற்கு முன்பே தணிக்கைகளைக் கடந்திருந்தன. அதுவரை இருந்த நடத்தை விதிகள் யாவும் விருப்பத்தின் பேரில் ஏற்றவை. சில வாரங்களுக்குள் உருவான வங்கதேசத் தீ, கட்டடப் பாதுகாப்பு உடன்பாடு வேறு வகையைச் சேர்ந்தது: கையெழுத்திட்ட ஆடை நிறுவனங்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தியது, தொழிற்சங்கங்களுக்கு நடுவர் தீர்ப்புக் கோரும் உரிமையைக் கொடுத்தது, ஆய்வு அறிக்கைகளை வெளியிட்டது. 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் சேர்ந்தன.

வறுமையைப் பற்றிய விவாதம் இவ்வளவு தெளிவாக முடியவில்லை. ஏழைகளைச் சந்தையாகப் பார்த்தால் நிறுவனமும் வளரும், ஏழையும் உயர்வார் என்று சி.கே. பிரகலாத் 2004இல் வெளியான நூலில் வாதிட்டார். அந்தச் சந்தை சொல்லப்பட்ட அளவு பெரிதல்ல, ஏழையை நுகர்வோராகப் பார்ப்பதைவிட உற்பத்தியாளராகப் பார்த்து வேலை கொடுப்பதே வழி என்று அனில் கர்னானி 2007இல் மறுத்தார். இரண்டுமே இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன.

இந்த ஆய்வுகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பலவீனம் கிடக்கிறது: அளவுகோல். நிறுவனங்களின் சுற்றுச்சூழல், சமூக, நிர்வாக நடத்தைக்கு மதிப்பெண் போடும் அமைப்புகள் பல இருக்கின்றன. அவற்றில் ஆறின் மதிப்பெண்களை பெர்க், கோல்பல், ரிகோபோன் ஒப்பிட்டு 2022இல் வெளியிட்டார்கள். இரண்டு மதிப்பெண்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு (முழுப் பொருத்தம் என்றால் 1) 0.38இலிருந்து 0.71 வரைதான். கடன் தரமதிப்பீடுகளில் இது 0.9க்கும் மேல். அதாவது, ஒரே நிறுவனத்தை ஒருவர் உத்தமன் என்கிறார், அடுத்தவர் சுமார் என்கிறார். வேறுபாட்டின் பெரும்பகுதி, ஒரே விஷயத்தை வேறு வேறு விதமாக அளப்பதிலிருந்து வருகிறது. தொழிலாளர் நலனை ஒருவர் பணியை விட்டு நீங்குவோர் விகிதத்தால் அளப்பார், இன்னொருவர் வழக்குகளின் எண்ணிக்கையால் அளப்பார். எந்த மதிப்பெண்ணை எடுத்தார் என்பதைப் பொறுத்து ஆய்வாளரின் முடிவே மாறலாம்.

உத்தி மேலாண்மையின் முதன்மை இதழ் 2016இல் தன் விதிகளைத் திருத்தியதற்கும் இதுபோன்ற கவலைதான் காரணம். புள்ளியியல் சோதனையின் ஐந்து சதவீத எல்லையைத் தாண்டிவிட்டது, அதைக் காட்டும் நட்சத்திரக் குறி அட்டவணையில் கிடைத்துவிட்டது என்பதை மட்டும் வைத்து முடிவு சொல்லக்கூடாது, பழைய ஆய்வை மறுபடி செய்து பார்ப்பதற்கும் 'விளைவு இல்லை' என்ற முடிவுக்கும் இடம் உண்டு என்று ஆசிரியர்கள் அறிவித்தார்கள். சமூகப் பிரச்சினைகளைப் பொறுத்தவரை இந்த மாற்றத்தின் மதிப்பு அதிகம். ஒரு நலத்திட்டம் பலன் தரவில்லை என்று தெரிந்துகொள்வது, பலன் தந்தது என்று தெரிந்துகொள்வதற்குக் குறைந்ததல்ல.

மாநாடுகளுக்கே உரிய குறைகளும் உண்டு. 2019இல் அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியத்தின் கூட்டத்துக்கு வந்துபோன சுமார் 28,000 பேரின் பயணம் 80,000 டன் அளவுக்குக் கரியமில வாயுவை உண்டாக்கியது என்று ஒரு கணக்கு உண்டு. தலைக்கு ஏறக்குறைய மூன்று டன். விசா கிடைக்காமல் தங்கிவிடும் ஆய்வாளர்கள் பெரும்பாலும் பிரச்சினை கடுமையாக இருக்கும் நாடுகளைச் சேர்ந்தவர்கள். மாநாட்டில் படித்த கட்டுரை இதழில் வர ஆண்டுகள் பிடிக்கும். இவையெல்லாம் பலமுறை பேசப்பட்டவை. இணையவழி அமர்வு, பல ஊர்களில் ஒரே நேரத்தில் கூடுவது என்று மாற்று முயற்சிகளும் நடக்கின்றன.

என்னை அதிகம் உறுத்துவது இன்னொன்று. கிங், லெனாக்ஸ் ஆய்வு அமெரிக்க ஆலைகளைப் பற்றியது, ஏனென்றால் பதிவேடு அமெரிக்காவில் இருந்தது. போபாலில் மடிந்தவர்களால் பிறந்த அந்தத் தரவில் போபால் இல்லை. விளக்கு எங்கே எரிகிறதோ அங்கேதான் தேட முடியும் என்பது ஆய்வாளருக்குக் கட்டாயம். ஆகவே, உலகத்துக்குப் பொதுவானதாகச் சொல்லப்படும் முடிவுகளில் பல, கணக்குக் கொடுக்கவேண்டிய சட்டம் இருக்கும் ஒரு சில நாடுகளின் முடிவுகள்.

விளக்குகள் இப்போது வேறு இடங்களிலும் ஏற்றப்படுகின்றன, சில இடங்களில் திரி குறைக்கவும் படுகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் நிறைவேற்றிய நிலைத்தன்மை அறிக்கை விதிகளைப் பல நிறுவனங்களுக்குத் தளர்த்தும் முன்மொழிவை ஐரோப்பிய ஆணையமே 2025 பிப்ரவரியில் கொண்டுவந்தது. இந்தியாவில், சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் இருக்கும் நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டிலிருந்து தண்ணீர், எரிசக்தி, கழிவு, ஊழியர் நலன் பற்றிய விரிவான கணக்கைச் சமர்ப்பிக்கவேண்டும் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி கட்டாயமாக்கியது.

அந்த 1000 என்ற எண்ணில் ஓர் ஆய்வாளர் பார்ப்பது வேறொன்று. தரவரிசையில் 5ஆவது நிறுவனத்தையும் 3000ஆவது நிறுவனத்தையும் ஒப்பிட்டால் பின்வரிசைக் கேள்வி வந்து நிற்கும். அவை முன்பே வேறு வேறானவை. ஆனால் 990ஆவது நிறுவனத்துக்கும் 1010ஆவது நிறுவனத்துக்கும் பெரிய வேறுபாடு இருக்க நியாயமில்லை. பங்குச் சந்தையின் சிறு ஏற்ற இறக்கம் ஒன்றைக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் மற்றொன்றை அந்தப் பக்கமும் நிறுத்தியிருக்கிறது. ஒன்று கணக்குக் கொடுக்கவேண்டும், மற்றொன்றுக்குக் கட்டாயம் இல்லை. ஐந்தாறு ஆண்டு கழித்து அந்த இரண்டு ஆலைகளின் வாசலிலும் ஓடும் கழிவுநீரை அள்ளிப் பார்த்தால், கணக்குக் கேட்டதால் ஏதாவது மாறியதா என்று தெரிந்துவிடும். கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நிறுவனத்தைப் பற்றி எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான் சிக்கல், ஏனென்றால் கணக்குக் கொடுக்கவேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பதிவுகள், செயற்கைக்கோள் படங்கள், ஊரில் போய் எடுத்த நீர் மாதிரிகள் என்று வேறு வழியில் திரட்டவேண்டும். அப்படித் திரட்டிக்கொண்டு ஒரு மாணவர் மேடையேறினால், அவருக்கு 15 நிமிடம் போதாது.